பட்டாளத்து மேட்டு மண்

அந்த இடத்தில் வீடு கட்டப்போகிறார்களாம். நிலம் பார்க்க வருகிறவர்கள் தோட்டத்துக்குள் நுழைந்து, "அங்க பட்டாளத்துப் பேய் இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன். வலது கை சீக்கிரம் களைத்துவிடுகிறது. அதனால் விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தேவகி. மலேசியாவில் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டுக்காரர் முத்தையா, தோட்டத்து லாரியில் வேலை பார்த்தார். நான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தங்கை பவுனுதான் எனக்குப் பிள்ளை மாதிரி. அவள் மணியம் என்பவரைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வரிசையிலேயே கடைசி வீட்டில் இருந்தாள்.

தோட்டத்து எல்லையைத் தாண்டினால் பட்டாளத்துக்காரர்கள் சுட்டுப் பழகிய வெளி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே சுட்டிருக்கிறார்கள். குண்டு பாய்ந்து நிற்பதற்காக மண்ணைக் குவித்து வீட்டு உயரத்துக்கு மேல் எழுப்பியிருந்தார்கள். அதைத்தான் பட்டாளத்து மேடு என்போம். பிறகு பட்டாளம் காலி செய்துவிட்டுப் போனது. லாலாங் புல் மேட்டை மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் மாடுகூட மேயாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த நிலத்தைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலையை ஒரு கொன்ட்ராக்டர் எடுத்தார். மேட்டை வெட்டி, மண்ணைச் சலித்து, உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஈயம் அவருக்கு. சலித்த மண்ணைப் பரப்பி நிலத்தைச் சமமாக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டதால் பால் வெட்டு குறைந்து போயிருந்தது. கொன்ட்ராக்டருக்கு வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் கண்ணுசாமி மண்டோர் லயத்துக்கே வந்து ஆள் கேட்டார். நானும் பவுனும் போனோம். மணியமும் போனார்.

ஆண்கள் மேட்டை வெட்டினார்கள். பெண்கள் கம்பிச் சல்லடையில் மண்ணைக் கொட்டி ஆட்டினோம். குண்டுகள் நசுங்கி, காளான் மாதிரி விரிந்து கிடக்கும். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். கையில் தட்டினால் மாவு மாதிரி உதிரும். அதைத் தட்டித்தான் வாளியில் போடுவோம். ஒரு ஓரத்தில் இரும்புப் பீப்பாயைப் பாதியாக அறுத்து அடுப்பு மூட்டி, அதில் ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்த்தார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அந்தப் புகை இனிப்பாக இருக்கும். அங்கேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டோம். அது கெட்ட மண் என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. வெளிப்பார்வைக்கு அது நல்ல மண்தான்.

முதலில் எனக்கு வாய் கெட்டுப்போனது. பழைய செப்புக்காசை நாக்குக்கு அடியில் வைத்திருப்பது போல ஒரு ருசி. தேத்தண்ணி குடித்தாலும் அதுதான், சோறு தின்றாலும் அதுதான். அப்புறம் வயிறு. அந்த வலியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஈரத்துணியை இரண்டு பேர் பிடித்து முறுக்கிப் பிழிவார்களே, குடலை அப்படிப் பிழிந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் விடும், மறுபடி முறுக்கும். வெளிக்குப் போகவே இல்லை. வேதனை தாங்காமல் விறகுக்கட்டையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் குப்புறப் படுத்துக்கொள்வேன். அழுத்தினால்தான் கொஞ்சம் இதமாக இருந்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பேதிக்குக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ஒடம்புல ரத்தமே இல்லையே, கீரை தின்னு" என்றார்.

நான் மட்டும் படுத்திருந்தால் வேறு மாதிரி போயிருக்கும். மேட்டு வேலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மண் வெட்டிய ஒருவர் வேலை நேரத்திலேயே கை கால் இழுத்துக் கீழே விழுந்தார். தெளிந்ததும், "மேட்டு மேல காக்கிச் சட்டை போட்ட ஆளு நிக்கிறான், பட்டாளத்தான், தொப்பி இல்ல" என்றார். அதற்கப்புறம் லயத்தில் வேறு பேச்சு இல்லை. அங்கே சுடப்பட்டுச் செத்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் படுத்த இடத்தைக் கிளறிவிட்டோம் என்றார்கள். வேலைக்கு வர ஆட்கள் பயந்தார்கள்.

கண்ணுசாமி மண்டோர் வந்து, "மொதலாளிகிட்ட பேசிட்டேன். கெடா வெட்டி பூசை போட்டுடலாம். அப்பறம் ஒரு தொல்லையும் இருக்காது லா" என்றார். கொன்ட்ராக்டரே கிடா வாங்கிக் கொடுத்தார்.

மேட்டடியில் பட்டாளத்துச் சாமிக்கு ஒரு பீடம் கட்டினோம். சலித்த மண் வழுவழுவென்று இருக்கும், பூசுவதற்கு வாகாக. கூடை கூடையாக நாங்கள்தான் கொட்டினோம், தண்ணீர் விட்டுப் பிசைந்து கையால் தட்டினோம். பூசை முடிந்ததும் பூசாரி அந்தப் பீடத்து மண்ணையே எடுத்து எல்லாருக்கும் நெற்றியில் இட்டார். பிள்ளைகளுக்கு ஒரு சிட்டிகை வாயிலும் போட்டார்கள். அன்றிலிருந்து லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் பீடத்து மண்ணைத்தான் கொண்டுவந்து போட்டார்கள்.

பவுனு அப்போது முழுகாமல் இருந்தாள். அவளும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, வயிற்றிலும் கொஞ்சம் பூசிக்கொண்டாள்.

பூசைக்கப்புறமும் எனக்கு வலி நிற்கவில்லை. ஒரு நாள் காலையில், தேத்தண்ணி மங்குக் கோப்பையைப் பிடித்துத் தூக்கப் போனேன். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது. விரல்கள் அசைகின்றன, ஆனால் கையை மேலே நிமிர்த்த முடியவில்லை. எத்தனையோ வருஷம் பால்கத்தி பிடித்த கை. அதைப் பார்த்துத்தான் நான் முதன்முதலாக அழுதேன். வீட்டுக்காரர் என்னைத் தன் முதுகோடு சேர்த்துச் சாரோங் துணியால் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து என்னைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் வேலை. பெஞ்சில் காத்திருப்பு, படம் எடுக்க, இரத்தம் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் காத்திருப்பு. வீட்டுக்காரர் என் தொங்கிய கையைத் தன் மடியில் வைத்து, நிமிர்த்தி நிமிர்த்திப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அதற்கெல்லாம் கூச்சப்படும் மனிதர் அவர். அன்றைக்குக் கூச்சப்படவில்லை.

குடல்வால் வீங்கியிருக்குமோ, வயிற்றைத் திறந்து பார்க்கவேண்டி வருமோ என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மலாய்ப் பெண், வயது அதிகமில்லை. நான் தலையணையை வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்ததை அவர் நின்று பார்த்தார். குடல்வால் வீங்கியவர்கள் வயிற்றைத் தொடவே விடமாட்டார்களாம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மலாயில் கேட்டார். ரப்பர் மரம் வெட்டுகிறேன் என்றேன்.

"இப்போதும் அதே வேலைதானா?"

"இப்ப மண் சலிக்கிறேன். பட்டாளத்து இடத்துல."

அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். கீழுதட்டை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். நர்ஸ் கிரேஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் காட்டினார். மிஸ்ஸி எங்கள் ஆள், தமிழ்ப்பெண். ஒரு கண்ணாடி கொண்டுவந்து என் வாய்க்கு நேரே பிடித்தார். பல் முளைக்கும் ஓரத்தில், ஈறு முழுவதும், பென்சிலால் கோடு போட்டது போல ஒரு நீலக் கறுப்புக் கோடு.

"பாத்திங்களா அக்கா? ஈயம். ஒடம்புக்குள்ள போயி ஈறு வரைக்கும் வந்து நிக்கிது" என்றார் மிஸ்ஸி.

எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். ஈயத் தூசியை மூச்சில் இழுத்தாலும், கையோடு சோற்றில் கலந்து தின்றாலும் அது இரத்தத்தில் சேர்ந்துவிடும். இரத்தம் ஊறுவதைக் கெடுக்கும். அதனால்தான் வெளிறிப்போவது. குடலை முறுக்கும். நரம்பைப் பிடிக்கும். அதனால்தான் கை தொங்கியது. அதிகமாகப் போனால் மூளையைத் தொட்டுவிடும். வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சிவப்பு அணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தெரிந்ததாம். எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்து பார்க்க இரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள்ளேயே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள்.

மருந்து இரண்டு விதம். ஒன்று எண்ணெயில் கரைத்த ஊசி. இடுப்புக்குக் கீழே ஆழமாகப் போடுவார்கள். போட்ட இடம் கல் மாதிரி இறுகிவிடும், மூச்சில் பூண்டு வாடை வரும். இன்னொன்று சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏறும் மருந்து. அது ஈயத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு வெளியே போகும். போகிற வழியில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாமல் இருக்கவேண்டும் என்று, நான் போகும் ஒவ்வொரு சொட்டையும் பெரிய பாட்டிலில் பிடித்து வைத்தார்கள். வெட்கமாக இருந்தது. மிஸ்ஸி அந்தப் பாட்டிலை எடுத்துப் போகும்போதெல்லாம், "போவுது பாருங்க அக்கா, சனியன்" என்று சிரிப்பார்.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் நான் அவனைப் பார்த்தேன். நல்ல மத்தியானம். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. என் கால்மாட்டில் ஒருவன் நின்றான். காக்கிச் சட்டை, தொப்பி இல்லை, பூட்ஸெல்லாம் ஈர மண். வெள்ளைக்காரனா, நம்மவனா என்று தெரியவில்லை. முகம் இருந்தது, ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. எதையோ தவறவிட்டவன் போல என் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். மிஸ்ஸி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஈயம் அப்படிக் காட்டும். நீ பார்த்தது உனக்கு உண்மைதான். ஆனால் அங்கே யாரும் இல்லை" என்றார்.

நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அவன் என்ன தேடினான் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த டாக்டர்தான் கேட்டார், "அங்கே உன்னோடு வேறு யார் வேலை செய்கிறார்கள்?"

அதுவரைக்கும் என் வயிறு, என் கை என்றே கிடந்துவிட்டேன். பவுனு அந்த நேரத்திலும் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் போய்விட்டு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "வரமாட்டேங்குறா. சாமிக்குச் செஞ்சாச்சு, இனிமே ஒண்ணும் ஆவாதுன்னு மணியமும் சொல்றான். அண்ணிக்குப் பூசையில நம்பிக்கை இல்ல, அதான் சாமி அவங்கள விடலன்னு வேற பேசுறாங்க" என்றார்.

"இழுத்துட்டாவது வாங்க. என்னைப் பாக்கணும்னு சொல்லுங்க. சாகக் கெடக்குறேன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தூக்குச்சட்டியில் கஞ்சி, வறுத்த நெத்திலி. வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகச் சொன்னாள். என் கையைப் பார்த்து அழுதாள். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டினாள். நான் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "பவுனு, சிரி" என்றேன்.

"என்னண்ணி?"

"பல்லைக் காட்டு புள்ள."

அவள் ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். என் இடது கையால் அவள் கீழுதட்டை இழுத்தேன். கோடு இருந்தது. என்னுடையதைவிடக் கறுப்பாக இருந்தது.

மிஸ்ஸி வைத்துவிட்டுப் போயிருந்த கண்ணாடியை எடுத்து முதலில் என் வாயைக் காட்டினேன். பிறகு அவள் கையில் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றி ஈற்றைத் தேய்த்தாள். மறுபடி மறுபடி தேய்த்தாள். இரத்தம் வந்தது. கோடு போகவில்லை.

"அண்ணி, புள்ளைக்கு?" என்றாள்.

அவளையும் எனக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பதால் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். தாயின் உடம்பில் உள்ள ஈயம் கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பவுனு ஒருக்களித்துப் படுத்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருப்பாள். "இப்ப அசைஞ்சுது அண்ணி" என்பாள். நான் கட்டிலிலிருந்து எட்டிக் கை வைத்துப் பார்ப்பேன். சில சமயம் அசைவது தெரியும். சில சமயம் தெரியாது. தெரியாதபோதும் நான் "ஆமா" என்பேன்.

அவர்கள் முடிவுக்கு வரும் முன்பே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஆண் குழந்தை. ஐந்து மாதம் இருக்கலாம். மூச்சு இல்லை. மிஸ்ஸி துணியில் சுற்றி அவளுக்குக் காட்டினார். எனக்கும் காட்டினார். கண், காது, விரல், நகம் எல்லாம் இருந்தது. ஒரு சாணும் இன்னும் கொஞ்சமும், அவ்வளவுதான் நீளம். மணியம் வந்து, மடித்த சாரோங்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பவுனுக்கு மருந்து ஏற்றினார்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து, ஒரே மாதிரி பாட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். மணியம் பார்க்க வந்துவிட்டுப் போன ஒரு நாள் சாயங்காலம், கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "சுடுகாட்டுல வைக்கலியாம். பீடத்துக்குக் கீழ தோண்டி வச்சிட்டாராம். அந்தப் பட்டாளத்தான்தானே எடுத்தான், அவனே வச்சுக் காப்பாத்தட்டும்னு."

அந்தப் பீடத்துக்கு மண் கொட்டியவர்கள் நாங்கள்.

வீட்டுக்காரர் செய்த ஒன்றையும் எழுதவேண்டும். வீட்டில் தூசி இருக்கக்கூடாது, துடைப்பம் போட்டுக் கூட்டினால் கிளம்பும், ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் லாரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுச் சுவர், பலகை, சன்னல், அடுப்படி எல்லாவற்றையும் மண்டியிட்டுத் துடைத்திருக்கிறார். பவுனின் வீட்டையும் துடைத்திருக்கிறார். நான் வேலைக்குக் கட்டிய சேலைகளை லயத்துக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்திருக்கிறார். வாசலில் நான் வைத்திருந்த கீரைப் பாத்தி மண்ணைக்கூட அள்ளிவிட்டார். ஆம்பிளை துணி பிழிகிறான் என்று லயத்தில் சிரித்தார்களாம். வீட்டுக்குத் திரும்பியபோது எனக்கு அது வேறு யாருடைய வீடோ போல இருந்தது. பலகை எல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் அன்று, எல்லாம் வெளியே போய்விட்டதா என்று டாக்டரிடம் கேட்டேன். இரத்தத்தில் இருந்தது பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் கொஞ்சம் எலும்புக்குள் போய்த் தங்கியிருக்கும் என்றார். அது அங்கேயே வருஷக்கணக்கில் இருக்குமாம். வயதாகும்போதோ, நோயில் விழும்போதோ, பெண்களுக்குப் பிள்ளை உண்டாகும்போதோ, மெதுவாக மறுபடி இரத்தத்துக்கு வருமாம். பவுனு பக்கத்தில்தான் நின்றாள். மலாய் அவளுக்கும் புரியும்.

டாக்டர் அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பியதில் மேட்டு வேலை நின்றது. அதிகாரிகள் வந்து மண்ணைப் பைகளில் எடுத்துக்கொண்டு போனார்கள். கொன்ட்ராக்டர் வரவே இல்லை. கண்ணுசாமி மண்டோர் பகாவ் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். வேலைக்குப் போன எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி இரத்தம் எடுத்தார்கள். வலிப்பு வந்த அந்த ஆள் பிழைத்தார், ஆனால் பேச்சு குழறலாகவே நின்றுவிட்டது.

கொஞ்ச மாதம் கழித்து, மண்ணை அள்ள வேறு ஆட்கள் வந்தார்கள். முகத்தில் மூடி, கையில் உறை, காலில் ரப்பர் பூட்ஸ். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் அடித்துக்கொண்டே வெட்டினார்கள். லாரியில் ஏற்றிப் படுதா போட்டு இறுக்கிக் கட்டினார்கள். எங்களுக்கு ஒரு வாளித் தண்ணீர்கூட வைக்கவில்லை.

தலைமை அதிகாரி ஒரு மலாய்க்காரர், நடுவயது. சலித்த மண்ணை எங்கெங்கே கொட்டினீர்கள் என்று காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். நான் போனேன். மேட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைக் காட்டினேன். அல்லூர் வாய்க்கால் ஓரத்தைக் காட்டினேன். லயத்துப் பிள்ளைகள் பந்து விளையாடும் தரையைக் காட்டினேன். பீடத்துக்கு முன்னால் வந்தபோது என் கால் நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இதுவுமா?"

பீடத்தில் புதிதாக மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். ஓரத்தில் விரல்களால் கிள்ளி எடுத்த தடங்கள் இருந்தன. பெரிய விரல், சின்ன விரல். நேற்றுக்கூட யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"இதுவும்தான்" என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "தாய் எங்கே?" என்று கேட்டார்.

செய்தி லயத்துக்குப் போய்விட்டது. பவுனு வருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சாமியைத் தொடவிடமாட்டோம் என்றார்கள். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்றும் சிலர் சொன்னார்கள். மணியம் ஓடிவந்து பீடத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "என் மேல வண்டிய ஏத்திட்டு எடுங்கடா. என் புள்ள இருக்கு இங்க" என்று கத்தினார். அதுவரைக்கும் பாதிப் பேருக்கு அது தெரியாது. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது.

பவுனு நடந்து வந்தாள். மெலிந்து, சேலை உடம்பில் நிற்காமல் இருந்தாள். நேரே மணியத்திடம் போனாள்.

"எந்திரிங்க."

"இவங்க பேச்சைக் கேக்காத பவுனு. சாமி கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும். இன்னும் என்ன எடுக்கப்போவுது? நீங்க ஒக்காந்திருக்கிற மண்ண எடுத்துத்தான் லயத்துல புள்ளைங்க வாயில போடுறாங்க. அதுல நம்ம புள்ளையும் கெடக்கணுமா? எந்திரிங்க."

"அவன் காப்பாத்துவான்னுதான் பவுனு வச்சேன்" என்றார் மணியம். "வேற எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் எழுந்தார். தலைமை அதிகாரி தன் கையுறையையும் முகமூடியையும் கழற்றி அவளிடம் நீட்டினார். கூட்டத்தைத் தள்ளிப் போகச் சொன்னார். தண்ணீர் அடிக்கிற பையன்கள் பீடத்தை மெதுவாக நனைத்தார்கள். பவுனு மண்டியிட்டாள். மணியம் இடத்தைக் காட்டினார். சின்ன மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அவள்தான் வெட்டினாள். எனக்குக் கை ஒத்துழைக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை இடது கையால் ஒதுக்கிக்கொடுத்தேன். சாரோங் துணி தெரிந்ததும் அவள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தாள்.

அதிகாரி ஒரு தகர டின் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். நானும் பவுனும் கழுவவேண்டியதைக் கழுவி, என் வெள்ளைத் துண்டில் சுற்றினோம். வீட்டுக்காரர் தோட்டத்துச் சுடுகாட்டில் ஏற்கெனவே குழி வெட்டிவிட்டு வந்திருந்தார். மணியம்தான் தூக்கிக்கொண்டு போனார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். என்னைத் திட்டியவர்களும் வந்தார்கள்.

எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பியபோது பீடம் இருந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது. கடைசி லாரிக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தார்கள். இதை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். வெகுதூரத்தில் சிமெண்டுக் குழி கட்டியிருக்கிறோம், மூடி எச்சரிக்கைப் பலகை வைத்துவிடுவோம் என்றார்.

லாரி கிளம்பியது. பவுனு அதன் பின்னாலேயே நடந்தாள். நானும் போனேன். செம்மண் ரோட்டின் முடிவில், தார் ரோடு தொடங்கும் இடத்தில் அவள் நின்றாள். லாரி லுக்குட் பக்கம் திரும்பி, மரங்களுக்குப் பின்னால் போயிற்று. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"போயிடுச்சா அண்ணி?"

"போயிடுச்சு."

"எல்லாமா?"

டாக்டர் எலும்பைப் பற்றிச் சொன்னதைத்தான் அவள் கேட்கிறாள். நான் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன். வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேரும் லயத்தை நோக்கித் திரும்பி நடந்தோம்.